குலுங்காமல் கொண்டுபோக வேண்டிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு பண்டமாற்றில் கிடைத்தது. என் நாத்தனார் என்னிடம் ரத்தம் கேட்டாள். நான் பதிலுக்கு அவளிடம் கதை கேட்டேன். ரத்தம் தருகிறேன், ஆனால் உன் வேலையைப் பற்றி நான் எழுதுவேன், நடுவில் நீ மூக்கை நுழைக்கக் கூடாது என்று கறாராகப் பேசினேன். சரி என்று தலையாட்டினாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றவில்லை. காப்பாற்றாததும் நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. அதுவரை எங்களுக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது.

அவள் ஆராய்ச்சிக்கு நோய் நொடி இல்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. "உங்களை மாதிரி நல்லா இருக்கிறவங்கதான் அண்ணி வேணும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது. உச்சி குளிர்ந்துபோய்க் கையை நீட்டினேன்.

சான்றிதழ் ரொம்ப நாள் தாங்கவில்லை. அதுதான் கதை.

2

ஆரம்பம் அமையவில்லை. எழுதி எழுதிக் கிழித்தவற்றில் சில:

"ஜன்னல் வழியே காலை வெயில் அந்த இயந்திரத்தின் மேல் விழுந்து —"

(அந்த அறையில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம் பட்டால் சாயமெல்லாம் பாழாகிவிடுமாம்.)

"மனித உடலில் ஓடும் ஒவ்வொரு துளி ரத்தத்திலும் எண்ணிலடங்கா —"

(எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

"அவளை எல்லோரும் வடிகட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

வடிகட்டி என்பது ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். மிஷினுக்குள் போகும் எதையும் அவள் வடிகட்டாமல் விடமாட்டாள். கடையிலிருந்து சுத்தம் என்று முத்திரை போட்டு வந்த தண்ணீரை வடிகட்டுவாள். வடிகட்டியதை மறுபடி வடிகட்டுவாள். என் வீட்டுக்கு வந்தாலும் நான் வடிகட்டிக் கொடுத்த டீயைக் கோப்பையில் ஆட்டி ஆட்டிப் பார்ப்பாள். ஒருநாள் கோபம் வந்து, அதில் என்ன பல்லியா கிடக்கிறது என்று கேட்டேவிட்டேன். "பழக்கதோஷம் அண்ணி" என்று சிரித்தாள். ஆனாலும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

3

இப்போது கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

நம் ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. எங்காவது காயம் பட்டால் ஓடி வந்து அடைக்கிற பொடிசுகள். இவற்றை யாராவது உசுப்பிவிட்டால் தங்கள் தோலிலிருந்தே துணுக்குத் துணுக்காகக் குமிழிகளை உதிர்க்கும். தட்டணுவே கண்ணுக்குத் தெரியாது, அதன் குமிழி எந்த மூலைக்கு! அந்தக் குமிழிகளைக் கண்டுபிடித்து எண்ணுவதுதான் எங்கள் வடிகட்டியின் வேலை.

எண்ணுகிற மிஷினுக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று பெயர். பார்க்க ஒரு துணி துவைக்கும் இயந்திரம் போலத்தான் இருக்கிறது. (முதல் தடவை பார்த்தபோது இதைச் சொன்னதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விலையைச் சொன்ன பிறகு நானும் ஒரு நாள் பேசவில்லை.) அது திரவத்தை மெல்லிய இழையாக ஓடவிடும். இழையில் இருப்பவை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தைக் கடந்து போக வேண்டும். கடக்கும்போது வெளிச்சம் சிதறும். ஒவ்வொரு சிதறலுக்கும் திரையில் ஒரு புள்ளி விழும். தட்டணுவின் குமிழியில் மட்டும் ஒட்டுகிற சாயத்தை முன்பே கலந்திருப்பதால், விழுந்த புள்ளி எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் தெரிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் குமிழி இருக்கும் அளவிலேயே தூசும் இருக்கிறது. மிஷின் தானாகவே கிளப்புகிற சலசலப்பும் புள்ளி மாதிரியே தெரியும். நெரிசலில் பல குமிழிகள் இடித்துக்கொண்டு ஒன்றாகப் போனால் மிஷின் அவற்றை ஒரே ஆளாக எண்ணித் தொலைக்கும். அதனால்தான் அவள் கலக்குவதும், தண்ணீர் விட்டு நீர்க்க வைப்பதும், வடிகட்டுவதுமாகவே இளமையைக் கழித்துக்கொண்டிருந்தாள்.*

* அடிக்குறிப்பு: சில சமயம் சாயமே கட்டிகட்டியாகத் திரண்டு குமிழி வேஷம் போடும். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் சோப்புக் கரைசலை விட்டால் போதும். குமிழியின் தோல் கொழுப்பால் ஆனது, அதனால் கரைந்துவிடும். சாயக்கட்டி அசையாமல் நிற்கும். ஆக, காணாமல் போனால் நிஜம், நின்றுகொண்டிருந்தால் போலி. எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், என் பழைய கதைகளுக்கு எல்லாம் மனசுக்குள் சோப்பு விட்டுப் பார்த்தேன். அவற்றில் வருகிறவர்கள் நிறையப் பேர் அசையாமல் நின்றார்கள். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

4

அவள் கண்டுபிடித்தது இதுதான். காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தக் குமிழிகள் மண்டிக்கிடக்கின்றன. நன்றாக இருப்பவர்களிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

சோப்பு விட்டுப் பார்த்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். நோயாளியின் ரத்தத்தில் அப்பிக்கிடந்த புள்ளிகள் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் போய்விட்டன. அத்தனையும் நிஜக் குமிழிகள். வடிகட்டி கையுறையைக் கழற்றாமலே என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய பேராசிரியர், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்னும்படி இருக்கிற மனிதர், அன்றைக்குச் சிரித்தார். கட்டுரை அச்சில் வந்துவிட்டால் அவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை என்றார். வருஷாவருஷம் யார் கையெழுத்துக்காகவோ காத்துக்கிடக்கும் தற்காலிக உத்தியோகம் அவளுடையது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

கட்டுரையை அனுப்பியிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நோயில்லாத நடுவயதுப் பெண்கள் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நடுவயதுப் பெண் என்றதும் அவளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. இதற்காக நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

4 (தொடர்ச்சி, கொஞ்சம் சந்தேகத்தோடு)

இங்கே எழுத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். வடிகட்டி ரொம்ப நல்லவளாகப் போய்க்கொண்டிருக்கிறாள். குறையே இல்லாத ஆள் கதையில் நிற்காது. அவளிடம் என்ன குறை, சொல்லுங்கள் என்று என் கணவரைக் கேட்டேன். தங்கையைப் பற்றிக் குறை கேட்டால் அண்ணன்களுக்கு வாய் கொள்ளாது. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரமாட்டாள், பாத்ரூமில் விளக்கை அணைக்கமாட்டாள் என்று அடுக்கினார். எதுவும் கதைக்கு ஆகவில்லை. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். தான் சுத்தம் செய்துவிட்டால் அது சுத்தம், அதற்கு மேல் பேச்சே கிடையாது என்று நினைப்பவளாம்.

இதுவும் குறையா என்று அப்போது விட்டுவிட்டேன்.

5

ரத்தம் எடுக்கும் படலம்.

ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறையிலேயே ரத்தம் எடுப்பார்கள். நோயில்லாதவர்கள் வரிசையில் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள்தான். அடுத்த அறையில் எடுத்து, நாலு எட்டு நடந்தால் மிஷின். வழியில் ஆய்வுக்கூட வாசலில் ஒரு சின்னப் படி இருக்கிறது. இருப்பதே தெரியாது, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்குவார்கள். வடிகட்டி அதில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறாள். அப்படியும் நான் தடுக்கினேன்.

என் முறை வந்தபோது நர்ஸ் விடுப்பில் இருந்தார். நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் ஆஸ்பத்திரிக்கே போய்க் கொடுத்துவிடச் சொன்னாள் வடிகட்டி. அது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே எடுக்கிற டியூப்களைப் பெட்டியில் வைத்து ஒருவர் பைக்கில் கொண்டுவருவார். எப்படியும் நான் அந்த வழியாகத்தானே வருகிறேன், என் ரத்தத்தை நானே கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். தன் ரத்தத்தைத் தானே கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் பெண் என்பது எனக்குக் காட்சியாகவும் பிடித்திருந்தது. எழுதினேன்:

"பாலம் இறங்கியதும் குழாய் பதிக்கிறோம் என்று வருஷக்கணக்காக ரோட்டைக் கொத்திப் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டர் எகிறி எகிறி விழுந்ததில், கைப்பைக்குள் சாவிக்கொத்தும் சில்லறையும் சீப்பும் என் ரத்தமும் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டு வந்தன."

[இந்த வாக்கியம் கதைக்கு உதவவில்லை. அடிக்க வேண்டும்.]

6

அன்று சாயங்காலம் வடிகட்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த டீயை ஆட்டிப் பார்க்கவில்லை. அப்படியே குடித்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அவள் அண்ணனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் மாடியில் ஏதோ பேசினாள். என் கணவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. கீழே இறங்கி வந்தவர் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அவர் பாத்திரம் கழுவி நான் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று அதட்டியதும் அவள்தான் சொன்னாள். என் ரத்தத்தில் புள்ளிகள் மண்டிக்கிடக்கின்றன. நோயாளிகளின் புள்ளிகள் எங்கே நிற்குமோ அங்கேயே, அதே கூட்டமாக நிற்கின்றன. மறுபடி வடிகட்டி, மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். சோப்பு விட்டாள், கரைந்துபோயின. எல்லாம் நிஜம்.

பயப்பட ஒன்றுமில்லை, டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் பயந்தேன். அதை அலங்காரமாக எழுத வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அந்த நிமிஷமே இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. கதைகளில் நான் எத்தனையோ பேருக்கு நோய் கொடுத்திருக்கிறேன். முடிவு கிடைக்காமல் திணறும்போது யாரையாவது படுக்கையில் போட்டால் கதை தானாக முடிந்துவிடும். என்னையே ஒருத்தி படுக்கையில் போடப் பார்க்கிறாள் என்றதும் அது எவ்வளவு மட்டமான உத்தி என்று புரிந்தது.

டாக்டரிடம் தேதி கிடைக்க நாளாகும் என்றார்கள். சும்மா இருந்தால் கால்தான் வலித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். நீங்கள் இதுவரை படித்ததில் பெரும்பகுதி அப்படி எழுதியதுதான். நடுநடுவே சிரித்தேனே, அதெல்லாம் காலை மறக்க.

7

ஞாயிற்றுக்கிழமை வடிகட்டி வந்து, எழுதிய வரைக்கும் காட்டச் சொன்னாள். மூக்கை நுழைக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினேன். பேசாமல் தாள்களை இழுத்துக்கொண்டாள். துணி துவைக்கும் இயந்திரம் வந்த இடத்தில் ஒரு முறை முறைத்தாள். "நான் ஒண்ணும் கட்டிப்பிடிக்கல, நீங்கதான் பிடிச்சீங்க" என்றாள். அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினாள். நிமிர்ந்து பார்த்தால், ஒரே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இதை ஏன் அடிக்கப் போறீங்க?"

"எதை?"

"ரோடு."

"கதைக்கு உதவலையே."

கைப்பையை எங்கே மாட்டியிருந்தேன் என்று கேட்டாள். ஹேண்டிலில் என்றேன். எவ்வளவு தூரம் அப்படிக் குதித்தது என்று கேட்டாள். பாலத்திலிருந்து ஆய்வுக்கூட வாசல் வரைக்கும் என்றேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, நோயாளிங்க டியூப் எல்லாம் இதே ரோட்டுலதான் வருது."

"வந்தா?"

"எங்க ஆளுங்க டியூப் ஒண்ணுகூட ரோட்டையே பார்த்ததில்லை."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தட்டணுவை உசுப்பினால் குமிழி உதிர்க்கும் என்று மேலே எழுதினேன் அல்லவா? உசுப்புவதற்கு நோய்தான் வேண்டும் என்பதில்லை. டியூபுக்குள் போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினாலும் உதிர்க்கும். அப்படி உதிர்ந்ததும் நிஜக் குமிழிதான், சோப்பில் கரையத்தான் செய்யும். குமிழியா இல்லையா என்று மட்டும்தான் சோப்பு சொல்லும். அது உடம்புக்குள் பிறந்ததா, பாலத்துக்குக் கீழே பிறந்ததா என்பது சோப்புக்குத் தெரியாது.

வாசலுக்கு உள்ளே வந்த அத்தனையையும் அவள் வடிகட்டினாள். வாசலுக்கு வெளியே ரோடு இருந்தது. பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்று பைக்கில் கொண்டுவருகிறவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறாள். அவரும் பத்திரமாகத்தான் கொண்டுவந்தார். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் சிந்தவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் கால்வலி போய்விட்டது. சந்தோஷத்தில் சிரித்தேவிட்டேன். அப்புறம்தான் அவளைப் பார்த்தேன்.

அவள் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

8

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. அடுத்த அறையில் என் ரத்தத்தை மறுபடி எடுத்து, ரோட்டைக் காட்டாமல், குலுங்காமல் மிஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். நர்ஸ் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் முடிவுகளை எழுதிவைத்துக்கொண்டேன்.

முடிவு அ: திரையில் மறுபடியும் புள்ளிகள் மண்டுகின்றன. ரோட்டின் மேல் தப்பில்லை. வடிகட்டி சொன்னது சரி. கட்டுரை அச்சாகிறது, வேலை நிரந்தரமாகிறது. நான் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், கண்ணீரோடு அவள் என் கையைப் பிடித்து —

(பிடிக்க வேண்டாம். இதை எழுதும்போதே கால் மறுபடி வலிக்கிறது.)

முடிவு ஆ: அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளிகள். எனக்கு ஒன்றுமில்லை. அவள் இத்தனை வருஷமும் நோயை அளக்கவில்லை, ரோட்டிலிருந்த குழிகளை அளந்திருக்கிறாள். பேராசிரியர் சிரிப்பதை நிறுத்திக்கொள்கிறார். அவள் முதலிலிருந்து —

(இதையும் முடிக்க முடியவில்லை.)

முடிவு இ: இது என் கணவர் சொன்னது. இரண்டிலும் பாதிப் பாதி இருக்கக் கூடாதா என்றார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தங்கை. பாவம், வேறு என்னதான் சொல்வார்?

9

திங்கட்கிழமை. அடுத்த அறை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். நர்ஸ் நரம்பைத் தட்டிப் பார்த்து, வலிக்காது என்று எல்லோரும் சொல்லும் பொய்யைச் சொல்லி, டியூபை நிரப்பினார். வடிகட்டி ஆய்வுக்கூடத்துக்குள் மிஷினைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நர்ஸ் டியூபை என்னிடமே கொடுத்து, உள்ளே கொடுத்துவிடுங்கள் என்றார். நாலு எட்டுதானே.

டியூப் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. நடைவழியில் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கொஞ்சம் குலுக்கினால் என்ன? ஒரு நிமிஷம் கையை வேகமாக ஆட்டினால் போதும், திரையில் புள்ளிகள் மண்டிவிடும். ரோட்டின் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும். அவள் கட்டுரை பிழைக்கும், வேலை கிடைக்கும். எனக்கென்ன? டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிறார். நான் கதை எழுதுகிறவள். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது எனக்கு என்ன புதுசா?

நிமிர்ந்தால், வடிகட்டி ஆய்வுக்கூட வாசலில் நிற்கிறாள். கையுறை போட்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியுது அண்ணி. குலுக்கிடாதீங்க."

டியூபை நிமிர்த்திப் பிடித்தேன்.

"முதல் தடவையா என் ரிசல்ட் தப்பா இருக்கணும்னு இருக்கு எனக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு, நான் அழுவதைப் பார்க்க வேண்டாம் என்றோ, தான் அழுவதைக் காட்ட வேண்டாம் என்றோ, உள்ளே போய்விட்டாள். (ஓரத்தில் அவள் எழுதியது: "நான் அழல." இதை அப்படியே விட்டுவைக்கிறேன்.)

இப்போது சிக்கல் வேறு. குலுக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் என் கை நடுங்குகிறது. அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. டியூபுக்குள் ரத்தம் ததும்புவது எனக்கே தெரிகிறது. இந்தக் கையோடு நான் ஒரு எட்டு வைத்தாலும், திரையில் எது விழுந்தாலும், அது என் ரத்தம் சொன்னதா என் கை சொன்னதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். முதல் பக்கத்திலிருந்து கூடவே வந்தவர் நீங்கள்தான். உங்களுக்கு நாத்தனாரும் இல்லை, கால்வலியும் இல்லை. இந்தாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். நிமிர்த்திப் பிடியுங்கள், இறுக்க வேண்டாம். நான் திரும்பிப் போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். திரையில் என்ன தெரிந்தாலும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம், முதலில் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

மெதுவாகப் போங்கள். வாசலில் ஒரு படி இருக்கிறது, பார்த்து.